0.01 வித்தியாசத்துக்காக இன்வாய்ஸ் திரும்பி வருமா?

கேள்வி: லேபிள், மூடி, பை என்று பேக்கிங் பொருட்கள் தயாரிக்கும் சிறு நிறுவனம் ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். கணக்கு மென்பொருளில் இன்வாய்ஸ் போட்டு, பிடிஎஃப் ஆக்கி மெயிலில் அனுப்புவதுதான் இத்தனை வருட வழக்கம். எங்களிடம் அதிகம் வாங்கும் வாடிக்கையாளர் இப்போது, "ஐரோப்பியத் தரப்படி இ-இன்வாய்ஸ் தந்தால்தான் எடுத்துக்கொள்வோம். யூபிஎல், சிஐஐ, ஃபாக்டூர்-எக்ஸ் எதுவானாலும் சரி. பெப்போல் வழியாக வந்தால் இன்னும் நல்லது" என்று எழுதியிருக்கிறார். எங்கள் மென்பொருளில் எக்ஸ்எம்எல் (கணினி படிக்கும் கோப்பு வகை) என்று ஒரு பட்டன் இருந்தது. அதை அழுத்தி வந்த யூபிஎல் கோப்பைச் சோதனைக்கு அனுப்பினேன். 'பிஆர்-சிஓ-10' என்ற பிழையுடன் உடனே திரும்பி வந்துவிட்டது. மென்பொருள் நிறுவனத்தைக் கேட்டால், "0.01 ரவுண்டிங் வித்தியாசம்தான், பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்" என்கிறார்கள். அந்த இன்வாய்ஸை இணைத்திருக்கிறேன். தப்பு எங்கே? எந்த வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது? பிடிஎஃப்பையும் கூடவே அனுப்பினால் போதாதா?

பதில்: வணக்கம். அந்த 0.01-ஐத்தான் முதலில் பார்க்க வேண்டும். உங்கள் கேள்விகளில் பாதிக்கு விடை அதற்குள்ளேயே இருக்கிறது. யூபிஎல், சிஐஐ, ஃபாக்டூர்-எக்ஸ் என்பவை இ-இன்வாய்ஸை எழுதும் வடிவங்கள், பெப்போல் என்பது அது போகும் வலை; இவற்றைப் பின்னால் விளக்குகிறேன்.

நீங்கள் இணைத்திருக்கும் இன்வாய்ஸில் மூன்று ஐட்டங்கள். மூடி 125, ஒன்றின் விலை 0.2675. லேபிள் 250, ஒன்று 0.1835. பை 75, ஒன்று 0.4125. பெருக்கினால் முறையே 33.4375, 45.875, 30.9375 வருகிறது. உங்கள் மென்பொருள் சுருக்காத இந்த எண்களை அப்படியே உள்ளுக்குள் கூட்டி, மொத்தம் 110.25 என்று போடுகிறது. ஆனால் ஒவ்வொரு ஐட்டத்துக்கும் நேராக எழுதும்போது இரண்டு தசம இடத்துக்குச் சுருக்கி 33.44, 45.88, 30.94 என்று எழுதுகிறது. இந்த மூன்றையும் கால்குலேட்டரில் கூட்டிப் பாருங்கள்: 110.26. ஆக, தவறு பிடிஎஃப்பிலும் இருக்கிறது. காகிதத்தை வைத்துக்கொண்டு யாரும் மறுபடி கூட்டிப் பார்ப்பதில்லை என்பதால் இதுவரை வெளியே தெரியவில்லை.

பிஆர்-சிஓ-10 என்ற விதி கேட்பது இவ்வளவுதான்: ஐட்டம் ஐட்டமாக எழுதிய நிகரத் தொகைகளின் கூட்டலும், 'ஐட்டங்களின் மொத்தம்' என்ற கட்டத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். சோதிப்பது ஒரு நிரல். 0.01 என்றாலும் 1,000 என்றாலும் அதற்கு ஒன்றுதான். பொருந்தவில்லை என்றால் கோப்பு வாங்குபவரின் கணக்குக்குள் நுழையாது. எனவே "பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்" என்ற பதிலை ஏற்காதீர்கள். இது மென்பொருளில் திருத்த வேண்டிய குறை.

திருத்தம் எளிது. ஒவ்வொரு ஐட்டத்தையும் முதலில் இரண்டு தசமத்துக்குச் சுருக்க வேண்டும், சுருக்கிய எண்களைத்தான் கூட்ட வேண்டும். மொத்தம் 110.26. நீங்கள் போட்டிருக்கும் 20 சதவீத வரி 22.052, அதாவது 22.05. வரியோடு 132.31. உங்கள் கணக்குப் பேரேட்டிலும் இதே எண் ஏற வேண்டும், இல்லையென்றால் வசூல் பதியும்போது 0.01 தொங்கிக்கொண்டே இருக்கும். ஆர்டரில் 132.30 என்று ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள், அதைத்தான் வாங்க வேண்டும் என்றால், அதற்கும் தரத்தில் தனிக் கட்டம் உண்டு. 'ரவுண்டிங் தொகை' என்ற அந்தக் கட்டத்தில் மைனஸ் 0.01 என்று எழுதினால் செலுத்த வேண்டிய தொகை 132.30 ஆகிவிடும். ஐட்டங்களின் மொத்தத்தில் கை வைக்கக் கூடாது.

இந்தக் குறையைச் சொன்னதும் சில மென்பொருள்காரர்கள் அவசரத்தில் செய்யும் வேறொரு 'திருத்தம்' இன்னும் மோசம்: ஒன்றின் விலையையே 0.2675-லிருந்து 0.27 ஆகச் சுருக்கிவிடுவார்கள். 125 மூடிக்கு 33.75 ஆகிவிடும், வாடிக்கையாளரிடம் 0.31 கூடுதலாகக் கேட்கிறீர்கள். இரண்டு தசமக் கட்டுப்பாடு தொகைகளுக்கு மட்டும்தான். ஒன்றின் விலைக்கு நான்கு, ஐந்து தசமம் வரை தாராளமாக எழுதலாம். பேக்கிங், திருகு, கம்பி, மின்சாரம் என்று சில்லறை விலையில் பெரிய அளவு விற்பவர்கள் இதைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும்.

பிடிஎஃப் ஏன் போதாது

இ-இன்வாய்ஸ் என்றால் மெயிலில் போகும் இன்வாய்ஸ் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பிடிஎஃப் என்பது கண்ணால் படிக்கும் பக்கம். வாங்கும் நிறுவனத்தின் கணினிக்கு அதில் எது இன்வாய்ஸ் எண், எது ஆர்டர் எண், எது வரி என்று தெரியாது. யாராவது பார்த்துத் தட்ட வேண்டும், அல்லது எழுத்து அடையாளம் காணும் மென்பொருள் ஊகிக்க வேண்டும். இரண்டிலும் பிழை வரும், நாள் ஆகும். இ-இன்வாய்ஸில் ஒவ்வொரு தகவலும் பெயரிட்ட கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். கணினி நேராக எடுத்து ஆர்டரோடும் சரக்கு வந்த குறிப்போடும் ஒப்பிட்டு, பொருந்தினால் பணம் செலுத்தும் வரிசையில் சேர்த்துவிடும். உங்களுக்கு இதில் உள்ள லாபம் அதுதான்: சுத்தமான கோப்பு அனுப்புபவரின் பணம் மேசை மேசையாகக் காத்திருப்பதில்லை.

பிடிஎஃப்பைக் கூடவே அனுப்புவதில் தவறில்லை. ஆனால் தனி மெயிலில் வேண்டாம். ஒரே விற்பனைக்கு இரண்டு இன்வாய்ஸ் வந்ததாகப் பதிவாகி, இரண்டும் நிறுத்தி வைக்கப்படும். யூபிஎல் கோப்புக்குள்ளேயே பிடிஎஃப்பை இணைப்பாக வைக்க இடம் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

எந்த வடிவம்

'வடிவம்' என்று ஒரே வார்த்தையில் சொல்வதற்குள் மூன்று வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துக்கொண்டால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

முதலாவது, இன்வாய்ஸில் என்னென்ன தகவல் இருக்க வேண்டும், அவை ஒன்றோடொன்று எப்படிப் பொருந்த வேண்டும் என்ற இலக்கணம். ஐரோப்பாவில் இது ஈஎன் 16931 என்ற தரம். 2014-இல் வந்த ஐரோப்பிய ஒன்றிய ஆணை ஒன்று அரசுக் கொள்முதலுக்காக இதைக் கேட்டது, 2017-இல் தரம் வெளியானது. ஒவ்வொரு தகவலுக்கும் அதில் ஓர் எண் உண்டு. இன்வாய்ஸ் எண்ணுக்கு பி.டி.-1, வாங்குபவர் தரும் குறிப்புக்கு பி.டி.-10, ஐட்டங்களின் மொத்தத்துக்கு பி.டி.-106 என்று போகும். உங்களுக்கு வந்த பிழை எண்ணும் இந்தத் தரத்தின் விதி எண்தான்.

இரண்டாவது, அந்தத் தகவலை எந்த எக்ஸ்எம்எல் மொழியில் எழுதுவது என்பது. ஈஎன் 16931 இரண்டை ஏற்கிறது. ஒன்று ஓயாசிஸ் அமைப்பின் யூபிஎல் 2.1, ஐஎஸ்ஓ/ஐஇசி 19845 என்ற எண்ணில் 2015-இல் உலகத் தரமாகவும் ஆனது. மற்றது ஐ.நா.வின் யூஎன்/செஃபாக்ட் அமைப்பு வகுத்த சிஐஐ. இரண்டிலும் எழுதப்படுவது ஒரே தகவல். யூபிஎல்லில் தேதி 2026-04-03 என்று இருக்கும், சிஐஐயில் 20260403 என்று இருக்கும், கட்டங்களின் பெயர்கள் மாறும், அவ்வளவுதான். ஒன்றே ஒன்று கவனிக்க வேண்டிய வேறுபாடு: யூபிஎல்லில் கிரெடிட் நோட் (இன்வாய்ஸ் தொகையைக் குறைக்கவோ ரத்து செய்யவோ தரும் ஆவணம்) என்பது தனி ஆவணம், அதன் தலைப்புக் குறிச்சொல்லே வேறு. சிஐஐயில் ஆவணம் ஒன்றேதான், வகைக் குறியீடு மட்டும் 380 என்பதற்குப் பதில் 381 ஆகும். எக்ஸ்போர்ட் பட்டனுக்கு இன்வாய்ஸ் வார்ப்புரு ஒன்றை மட்டுமே செய்து வைத்திருக்கும் மென்பொருட்கள் கிரெடிட் நோட்டில் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

ஃபாக்டூர்-எக்ஸ் என்பது இந்த இரண்டுக்கும் போட்டியாக வந்த மூன்றாவது மொழி அல்ல. பிடிஎஃப்/ஏ-3 என்ற வகைப் பிடிஎஃப்புக்குள் சிஐஐ எக்ஸ்எம்எல் கோப்பு ஒன்றை வைத்துத் தரும் கலப்பு வடிவம். பிரான்சும் ஜெர்மனியும் சேர்ந்து வளர்த்தது; ஜெர்மனியில் சுக்ஃபெர்ட் என்று பெயர். மனிதர் திறந்தால் வழக்கமான பக்கம் தெரியும், கணினி திறந்தால் உள்ளே உள்ள தரவை எடுத்துக்கொள்ளும். இ-இன்வாய்ஸுக்கு இன்னும் தயாராகாத வாடிக்கையாளர்களும் உங்களுக்கு நிறைய இருந்தால் இது வசதி.

வசதியோடு இரண்டு ஆபத்தும் உண்டு. ஒன்று, இதில் பல படிநிலைகள் இருக்கின்றன: மினிமம், பேசிக் டபிள்யூஎல், பேசிக், ஈஎன் 16931, எக்ஸ்டெண்டட். முதல் இரண்டில் ஐட்ட விவரமே கிடையாது, மொத்தத் தொகைகள் மட்டும்தான். உங்கள் வாடிக்கையாளர் 'ஐரோப்பியத் தரப்படி' என்று கேட்டிருப்பதால், மென்பொருளில் ஈஎன் 16931 படிநிலையைத் தேர்ந்தெடுங்கள். இரண்டாவது ஆபத்து, மென்பொருள் சரியாகத் தந்த கோப்பை அலுவலகத்திலேயே கெடுத்துவிடுவது. கோப்பைத் திறந்து 'பிரிண்ட் டு பிடிஎஃப்' கொடுத்தாலோ, சீல் படம் ஒட்டி மறுபடி சேமித்தாலோ, அளவு குறைக்கும் தளத்தில் ஏற்றி இறக்கினாலோ, உள்ளே இருந்த எக்ஸ்எம்எல் பெரும்பாலும் போய்விடும். பார்க்க அதே பிடிஎஃப்தான், ஆனால் இ-இன்வாய்ஸ் இல்லை. அனுப்பும் முன் பிடிஎஃப் ரீடரில் இணைப்புப் பகுதியைத் திறந்து 'ஃபாக்டூர்-எக்ஸ்' என்ற பெயரில் எக்ஸ்எம்எல் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் ஒரு தொகையும் உள்ளே வேறு தொகையும் இருக்கவே கூடாது. ஜெர்மனியில் அப்படி முரண்பட்டால் எக்ஸ்எம்எல் பகுதிதான் செல்லும் என்று நிதி அமைச்சகம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

உங்கள் நிலைமைக்கு நான் சொல்வது யூபிஎல். வாடிக்கையாளர் மூன்றையும் ஏற்கிறார், பெப்போல் விரும்புகிறார், பெப்போல் வலையில் இன்வாய்ஸ் செல்வது பெப்போல் பிஐஎஸ் பில்லிங் 3.0 என்ற வரையறைப்படி, அது யூபிஎல்லின் மேல் எழுதப்பட்டது. இன்று மெயிலில் யூபிஎல் அனுப்பத் தொடங்கினாலும் நாளை வழி மட்டும் மாறும், கோப்பை மாற்ற வேண்டியதில்லை. மென்பொருளில் 'யூபிஎல்' என்று மட்டும் இருந்தால் போதாது. 'பெப்போல் பிஐஎஸ் 3.0' என்று இருக்க வேண்டும். வெறும் யூபிஎல் என்பது மிகப் பரந்த மொழி. அதில் சரியாக எழுதிய கோப்புகூட ஈஎன் 16931 விதிகளில் தோற்கலாம்.

மூன்றாவது விஷயம், கோப்பு போகும் வழி

பெப்போல் என்பது வழி. நீங்கள் உங்கள் சேவையாளரிடம் (பெப்போலில் இணைந்து கோப்பைக் கொண்டு சேர்க்கும் நிறுவனம்) கோப்பைக் கொடுப்பீர்கள், அவர் வாடிக்கையாளரின் சேவையாளரிடம் சேர்ப்பார், அவர் வாடிக்கையாளரிடம் தருவார். நான்கு முனைகள் என்பதால் நான்கு மூலை அமைப்பு என்கிறார்கள். உங்கள் சேவையாளரும் அவருடைய சேவையாளரும் வேறு வேறாக இருக்கலாம், தனி ஒப்பந்தம் எதுவும் வேண்டாம். வாடிக்கையாளரின் பெப்போல் முகவரியைக் கொடுத்தால், அவர் எந்த ஆவணங்களைப் பெறப் பதிவு செய்திருக்கிறார் என்று பொதுப் பட்டியலில் பார்த்து அங்கே போய்ச் சேரும். அந்த முகவரி ஓர் எண் ஜோடி: முன்னால் நான்கு இலக்கத் திட்ட எண், பின்னால் நிறுவனத்தின் அடையாள எண். வாடிக்கையாளர் தரும் எண்ணை அப்படியே நகலெடுங்கள். திட்ட எண்ணை விட்டுவிட்டு நிறுவன எண்ணை மட்டும் போட்டால் முகவரி கண்டுபிடிக்கப்படாது.

'போய்ச் சேர்ந்தது' என்ற செய்தியை 'ஏற்றுக்கொண்டார்கள்' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முதலில் வருவது கோப்பு கிடைத்தது, விதிகளில் தேறியது என்ற தகவல். ஆர்டரோடு பொருந்தியதா, ஒப்புதல் கிடைத்ததா என்பது வாங்குபவரிடமிருந்து பிறகு தனியாக வரும் பதில், அதுவும் அவர் அந்த வசதியை வைத்திருந்தால்தான். இரண்டையும் யார் தினமும் பார்ப்பது என்று அலுவலகத்தில் ஒருவர் பெயரைப் போட்டு ஒப்படையுங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. எந்த வடிவம் என்பதை எல்லா இடத்திலும் நாமே தேர்ந்தெடுக்க முடியாது. பல நாடுகளில் இன்வாய்ஸ் முதலில் அரசின் தளத்துக்குப் போய் எண் வாங்கிய பிறகே செல்லுபடியாகும். இத்தாலியில் 2019 முதல் ஃபத்தூராபிஏ என்ற சொந்த எக்ஸ்எம்எல் அரசின் பரிமாற்ற அமைப்பு வழியாகத்தான் போக வேண்டும். இந்தியாவில் ஜேசன் என்ற தரவு வடிவக் கோப்பு பதிவுத் தளத்துக்குப் போய் 64 எழுத்து ஐஆர்என் (இன்வாய்ஸ் பதிவு) எண்ணும் கியூஆர் குறியும் பெற்று வரும். ரத்து செய்ய 24 மணி நேரம்தான். மலேசியாவில் யூபிஎல் அடிப்படையிலான கோப்பு, ரத்துக்கு 72 மணி நேரம். பெல்ஜியத்தில் 2026 ஜனவரி 1 முதல் நிறுவனங்களுக்கிடையே பெப்போல் வழிதான் இயல்பான வழி. விற்பவரும் வாங்குபவரும் எந்த நாட்டில் பதிவு பெற்றவர்கள் என்பதைப் பொறுத்து எந்தச் சட்டம் என்பது மாறும். ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு உங்கள் வரி ஆலோசகரிடம் இதை ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

இனி எங்கே மாட்டுவீர்கள்

பிஆர்-சிஓ-10 தீர்ந்ததும் அடுத்தடுத்து வரக்கூடியவற்றை உங்கள் இன்வாய்ஸைப் பார்த்தே சொல்கிறேன். இந்தப் பகுதியை உங்கள் மென்பொருள் நிறுவனத்துக்கும் படித்துக் காட்டுங்கள்.

அலகு. உங்கள் இன்வாய்ஸில் 'பீஸ்' என்று எழுதியிருக்கிறீர்கள். அளவின் அலகு சொல்லாக இருக்கக் கூடாது, ஐ.நா. பரிந்துரை 20 என்ற பட்டியலில் உள்ள குறியீடாக இருக்க வேண்டும். பீஸுக்கு எச்87, பொதுவாக 'ஒன்று' என்பதற்கு சி62, கிலோவுக்கு கேஜிஎம், மீட்டருக்கு எம்டிஆர், லிட்டருக்கு எல்டிஆர், மணி நேரத்துக்கு எச்யூஆர். கிலோவுக்கு 'கேஜி' என்று எழுதுவதும் தவறுதான். பொருள் பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் இந்தக் குறியீட்டை ஒருமுறை ஏற்றிவிட்டால் போதும், அச்சில் 'பீஸ்' என்றே தெரியலாம்.

எத்தனைக்கு விலை. உங்கள் விலைப்பட்டியலில் மூடி '100-க்கு 26.75' என்று இருக்கிறது. இதை 0.2675 ஆக்காமல் அப்படியே அனுப்பவும் வழி உண்டு: விலை 26.75, 'விலையின் அடிப்படை அளவு' என்ற கட்டத்தில் 100. இரண்டாவது கட்டத்தை மென்பொருள் விட்டுவிட்டால் கணினி 125-ஐ 26.75-ஆல் பெருக்கி 3,343.75 என்று எதிர்பார்க்கும். அளவு, விலை, அடிப்படை அளவு மூன்றையும் வைத்து ஐட்டத் தொகையைச் சோதிக்கும் விதி பெப்போலில் தனியாக இருக்கிறது, உடனே நிறுத்திவிடும்.

வரிக் குறியீடு. வரி விகிதம் மட்டும் போதாது, எந்த வகை என்ற எழுத்தும் வேண்டும். வழக்கமான வரிக்கு எஸ், பூஜ்ய விகிதத்துக்கு இசட், விலக்குக்கு ஈ, வாங்குபவரே வரி கட்டும் முறைக்கு ஏஈ, ஏற்றுமதிக்கு ஜி, வரி எல்லைக்கே வெளியே என்றால் ஓ. மூன்று நான்கு வகைகள் எல்லாவற்றிலும் வரி 0 என்பதால் மென்பொருட்கள் கண்ணை மூடிக்கொண்டு இசட் போட்டுவிடும். தொகை சரியாக இருக்கும், சட்டப்படி பொருள் தவறாகிவிடும். ஈ, ஏஈ, ஜி போன்றவற்றுக்கு ஏன் வரி இல்லை என்ற காரணமும் எழுத வேண்டும், இசட்டுக்குக் காரணம் எழுதக் கூடாது. எந்த எழுத்து என்பதை மென்பொருள்காரர் முடிவு செய்யக் கூடாது. அது கணக்காளரான உங்கள் வேலை. வரித் தொகையையும் ஐட்டம் ஐட்டமாகச் சுருக்கிக் கூட்டாதீர்கள். ஒரே வகை, ஒரே விகிதம் உள்ள ஐட்டங்களின் தொகையைச் சேர்த்து, அந்த மொத்தத்தின் மேல் ஒருமுறை வரி கணக்கிடுவதுதான் தரத்தின் முறை.

தள்ளுபடி. இன்வாய்ஸின் அடியில் 'தள்ளுபடி 5.00' என்று போடும் வழக்கம் உங்களிடம் இருக்கிறது. அதற்குக் காரணமும் வரி வகையும் கட்டாயம். தள்ளுபடி எந்த வரி விகிதத்துப் பொருளுக்கு என்று தெரியாமல் வரியைக் கணக்கிட முடியாது அல்லவா? இரண்டு விகிதம் கலந்த இன்வாய்ஸ் என்றால் தள்ளுபடியையும் இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

திரும்பி வந்த சரக்கு. விலையில் மைனஸ் போட்டால் தோற்கும். ஒன்றின் விலை எப்போதும் மைனஸ் ஆகக் கூடாது என்பது விதி. இன்வாய்ஸிலேயே கழிக்க வேண்டுமானால் அளவில் மைனஸ் போடுங்கள். தனி கிரெடிட் நோட் என்றால் எண்கள் எல்லாம் பிளஸ்ஸாகவே இருக்கட்டும், 'கிரெடிட் நோட்' என்ற வகையே கழித்தலைச் சொல்லிவிடுகிறது. அதிலும் மைனஸ் போட்டால் வாங்குபவர் கணக்கில் கடன் குறைவதற்குப் பதில் கூடிவிடும். எந்த இன்வாய்ஸுக்கு எதிரானது என்று பழைய எண்ணையும் குறிப்பிடுங்கள்.

ஆர்டர் எண். பெப்போலில் வாங்குபவரின் குறிப்போ ஆர்டர் எண்ணோ ஒன்றாவது இருந்தே தீர வேண்டும். உங்கள் மாதிரியில் ஆர்டர் எண் 'குறிப்பு' பகுதியில் வாக்கியமாக இருக்கிறது. மனிதருக்கு அது போதும். கணினி குறிப்புப் பகுதியைத் தேடாது. அதற்கென உள்ள கட்டத்துக்கு மாற்றுங்கள். ஜெர்மனியின் எக்ஸ்ரெஷ்னுங் வடிவத்தில் வாங்குபவரின் குறிப்பு கட்டாயம். அரசுத் துறைக்கு அனுப்பினால் அவர்கள் தரும் லைட்வெக் எண்ணை (எந்த அலுவலகத்துக்கு என்று காட்டும் எண்) அங்கே போட வேண்டும்.

கெடு தேதி. செலுத்த வேண்டிய தொகை பாக்கி இருந்தால் கெடு தேதியோ பணம் செலுத்தும் நிபந்தனையோ ஒன்று வேண்டும். முன்பணம் வாங்கியிருந்தால் அதைத் தள்ளுபடி மாதிரி கழிக்காதீர்கள். 'ஏற்கனவே செலுத்தியது' என்ற கட்டம் வரி சேர்ந்த மொத்தத்துக்குப் பிறகு வருகிறது, வரியைத் தொடாது.

எழுத்து. கோப்பு யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் இருக்க வேண்டும். பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் தட்டிய பெயர்கள் அங்கே போய்ப் பொருளற்ற எழுத்துக் குவியலாகத் தெரியும். நிறுவனப் பெயரில் & குறி இருந்தால் அதை எக்ஸ்எம்எல் முறைப்படி மாற்றி எழுத வேண்டும், இல்லையென்றால் கோப்பு திறக்கவே திறக்காது. எண்களில் ஆயிரத்துக்குக் கமா போடக் கூடாது, தசமத்துக்குப் புள்ளி மட்டும். தகவல் இல்லாத கட்டத்தைக் காலியாக விடுவதையும் பெப்போல் ஏற்காது. அந்தக் கட்டத்தையே நீக்கிவிட வேண்டும்.

அனுப்பும் முன்னும் பின்னும்

சோதனை இரண்டு படிகளாக நடக்கும். முதல் படி கட்டமைப்பு: குறிச்சொற்கள் சரியான பெயரில், சரியான வரிசையில் இருக்கின்றனவா என்று பார்ப்பது. யூபிஎல்லில் வரிசை மாறினாலும் தவறுதான். இரண்டாம் படி ஸ்கீமட்ரான் என்ற விதிச் சோதனை. கூட்டல், வரி, குறியீட்டுப் பட்டியல் எல்லாம் இங்கேதான். இதன் முடிவில் 'எச்சரிக்கை' என்று வந்தால் கோப்பு போகும், 'பிழை' என்று வந்தால் போகாது. சோதனைக் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் உண்மையான வாடிக்கையாளர் பெயரும் விலையும் உள்ள கோப்பை யாரென்று தெரியாத இணையதளத்தில் ஏற்றாதீர்கள். பெயரையும் எண்ணையும் மாற்றிய மாதிரியை ஏற்றுங்கள், அல்லது உங்கள் பெப்போல் சேவையாளரின் சோதனைத் தளத்தைப் பயன்படுத்துங்கள்.

ஒரு சாதாரண இன்வாய்ஸ் தேறியதும் நிறுத்திவிடாதீர்கள். தள்ளுபடியோடு ஒன்று, இரண்டு வரி விகிதம் கலந்து ஒன்று, முன்பணம் கழித்து ஒன்று, 100-க்கு விலை போட்ட ஐட்டத்தோடு ஒன்று, ஒரு கிரெடிட் நோட் என்று குறைந்தது ஐந்தைக் கூடுதலாகச் சோதியுங்கள். எல்லாம் தேறிய பிறகு வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவிடம், உங்கள் கோப்பு அவர்கள் திரையில் எப்படித் தெரிகிறது என்று ஒரு படம் கேளுங்கள். விதிகளில் தேறிய கோப்பிலும் வங்கிக் கணக்கு எண் பழையதாக இருக்கலாம், ஆர்டர் எண் தவறாக இருக்கலாம். அதை எந்த விதியும் பிடிக்காது.

அனுப்பிய எக்ஸ்எம்எல் கோப்பை அனுப்பியபடியே சேமியுங்கள். அச்செடுத்துக் கோப்பில் கோத்து வைப்பது மூல ஆவணம் ஆகாது. திறந்து ஓர் எழுத்தைத் திருத்திச் சேமித்தாலும் அது வேறு ஆவணம். தவறு இருந்தால் கிரெடிட் நோட் போட்டு, புது எண்ணில் புது இன்வாய்ஸ் அனுப்புவதுதான் முறை. ஏற்கனவே ஏற்கப்பட்ட இன்வாய்ஸின் அதே எண்ணில் திருத்திய கோப்பை மறுபடி அனுப்பினால் இரட்டிப்பு என்று நிராகரிக்கப்படும். ஆனால் உங்கள் சோதனைக் கோப்பைப் போல விதிச் சோதனையிலேயே தோற்றுத் திரும்பிய கோப்பு வாடிக்கையாளர் கணக்கில் பதிவாகியிருக்காது. அதைத் திருத்தி அதே எண்ணில் அனுப்பலாமா என்று வாடிக்கையாளரையும் சேவையாளரையும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பெப்போல் விதிகளும் குறியீட்டுப் பட்டியல்களும் வழக்கமாக ஆண்டுக்கு இருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. இன்று தேறும் கோப்பு ஆறு மாதம் கழித்துத் தோற்கலாம். புதுப்பிப்பது யார் பொறுப்பு என்பதைப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மென்பொருள் நிறுவனத்துக்கு இன்றே இப்படி எழுதுங்கள்: "125 × 0.2675, 250 × 0.1835, 75 × 0.4125. இந்த மூன்று ஐட்டங்களுக்கும் உங்கள் கோப்பில் 33.44, 45.88, 30.94 என்று இருக்கிறது, மொத்தம் 110.25 என்று இருக்கிறது. ஐட்டத் தொகையைச் சுருக்கிய பிறகு கூட்டும்படி மாற்றித் தாருங்கள். ஒன்றின் விலையைச் சுருக்க வேண்டாம். 100-க்கு விலை போட அடிப்படை அளவுக் கட்டமும், கிரெடிட் நோட்டுக்குத் தனி எக்ஸ்போர்ட்டும் எந்தத் தேதிக்குள் வரும் என்று சொல்லுங்கள்." மூன்று எண்களோடு கேட்டால் ரவுண்டிங் என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. தேதி கிடைக்கவில்லை என்றால், உங்கள் மென்பொருளிலிருந்து எக்செல் தரவை எடுத்துப் பெப்போல் கோப்பாக மாற்றி அனுப்பும் சேவையாளர்கள் இருக்கிறார்கள். மாதத்துக்கு எத்தனை இன்வாய்ஸ் என்பதைச் சொல்லி அவர்களிடம் விலை கேளுங்கள். கேட்கும்போது மேலே சொன்ன ஐந்து மாதிரிகளையும் கையோடு கொடுத்துவிடுங்கள்.